கடைப் பையன் பெயரில் இறக்குமதி: சுங்க வழக்கு வந்தால் யார் தலையில் விழும்?

தலவாக்கலை அக்கா

வணக்கம். ஒரு விஷயம் கேட்க வேண்டும், தெரிந்தவர்கள் தயவுசெய்து பதில் போடுங்கள்.

என் தம்பி ஓ.எல். பரீட்சை எழுதிய கையோடு புறக்கோட்டையில் ஒரு மின்சாரச் சாமான் கடைக்கு வேலைக்குப் போனவன். எங்கள் தோட்டத்தில் பாதி வீட்டுப் பிள்ளைகள் அப்படித்தானே போகிறார்கள். கொஞ்ச காலத்தில் முதலாளி அவனுடைய அடையாள அட்டைப் பிரதியை வாங்கி, அவன் பெயரில் ஒரு வியாபாரம் பதிந்து, டின் என்ற வரி இலக்கம் எடுத்து, வங்கியில் நடைமுறைக் கணக்கும் திறந்திருக்கிறார். காசோலைப் புத்தகம் முழுக்கத் தம்பியின் கையெழுத்து, ஆனால் புத்தகம் இருப்பது முதலாளியின் லாச்சியில். இதற்காகச் சம்பளத்துக்கு மேல் கொஞ்சம் காசு கொடுத்து வந்திருக்கிறார். வீட்டுக்கு அனுப்பலாம் என்று இவனும் வாயைத் திறக்கவில்லை.

இப்போது சுங்கத் திணைக்களத்திலிருந்து விசாரணைக்கு வரச் சொல்லி எங்கள் தோட்டத்து லய வீட்டு விலாசத்துக்கே கடிதம் வந்திருக்கிறது. கொள்கலனில் வந்த சாமானுக்கு விலையைக் குறைத்துக் காட்டியதாக விசாரணையாம். முதலாளி "நான் பார்த்துக்கொள்கிறேன், நீ அந்தப் பக்கமே போகாதே" என்கிறார். அம்மாவுக்கு இரவில் தூக்கமே இல்லை. அவன் போக வேண்டுமா, வேண்டாமா?

பழைய வாஃப் கிளாக், கொட்டகலை

தங்கச்சி, கட்டாயம் போக வேண்டும். போகாமல் இருந்தால் முதலாளி சொல்லும் கதை மட்டும்தான் கோப்பில் ஏறும். கொழும்புத் துறைமுகத்தில் பல வருடம் சுங்க முகவர்களோடு வேலை செய்தவன் நான். இந்தக் கதையில் மாட்டிக்கொண்ட பிள்ளைகளை அங்கே பார்த்திருக்கிறேன், பெரும்பாலும் நம் பக்கத்துப் பிள்ளைகள்தான். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் என்ன நடந்திருக்கிறது என்பது புரிய வேண்டும். இறக்குமதிக்கு ஒரே ஒரு வரி இல்லை, ஒன்றின் மேல் ஒன்றாக ஏறும். ஒரு சாமான் கொழும்பு வந்து இறங்கும் விலை 100 ரூபா என்று வைப்போம். சுங்க வரி 20 வீதம், துறைமுக விமான நிலைய அபிவிருத்தி அறவீடு 10 வீதம் என்றால் 30 ரூபா. இவற்றையும் விலையோடு கூட்டி அதன் மேல் 18 வீத வற், அதாவது பெறுமதி சேர் வரி. போதாததற்கு 2.5 வீதம் சமூகப் பாதுகாப்பு அறவீடு. ஆக 100 ரூபாச் சாமானுக்கு 55 முதல் 60 ரூபா வரைக்கும் வரியே வரும். சில சாமானுக்கு செஸ் என்ற அறவீடு வேறு.

எல்லாம் வீதக் கணக்கு. அடியில் இருக்கும் விலையைக் குறைத்தால் மேலே ஏறும் அத்தனையும் சேர்ந்து குறையும். அதனால் சீனாவில் விற்பவனிடம் இரண்டு இன்வொய்ஸ் கேட்பார்கள். உண்மையான விலைக்கு ஒன்று, சுங்கத்துக்குக் காட்ட 40 வீத விலையில் இன்னொன்று. ஒரு கோடி ரூபாச் சரக்கில் இப்படிச் செய்தால் முப்பது இலட்சத்துக்கு மேல் அரசாங்கத்துக்குப் போகாமல் நிற்கும். ஒரு கொள்கலன் பெட்டியில் கிடைக்கும் காசு இது.

சரி, பிடிபட்டால்? சுங்கக் கட்டளைச் சட்டம் 1869 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்கச் சட்டம். திருத்தித் திருத்தி இன்றைக்கும் அதுதான் நடக்கிறது. பிரகடனத்தில் எழுதியதற்கும் பெட்டிக்குள் இருப்பதற்கும் பொருந்தாவிட்டால் 47 ஆம் பிரிவு, விலையைக் குறைத்துக் காட்டினால் 52 ஆம் பிரிவு. இரண்டிலும் சரக்கு பறிபோகும். அதற்கு மேல் 129 ஆம் பிரிவு இருக்கிறது. வரி ஏய்ப்பில் தெரிந்தே சம்பந்தப்பட்டவர்களிடம் சரக்கின் பெறுமதியைப் போல மூன்று மடங்கு வரைக்கும் அறவிடலாம். ஒரு கோடிச் சரக்கென்றால் மூன்று கோடி. லயத்து வீட்டு விலாசத்துக்கு இந்தத் தொகை வருகிறது என்றால் யோசித்துப் பாருங்கள்.

கஸ்டெக் என்று நாங்கள் சொல்லும் சுங்கப் பிரகடனத்தில் இறக்குமதியாளர் என்ற இடத்தில் இருப்பது உங்கள் தம்பியின் பெயரும் டின் இலக்கமும். சுங்கம் தேடிக்கொண்டு முதலில் வருவது அந்தப் பெயரைத்தான். முதலாளி அந்தக் கடதாசியில் எங்கேயும் இல்லை. அவர் இதைச் செய்ததே அதற்காகத்தான். ஏற்கெனவே பிடிபட்ட பெயர் என்றால் சுங்கத்தின் அசிகுடா கணினியில் சிவப்பு அடிக்கடி விழும், பெட்டியைத் திறந்து பார்ப்பார்கள். ஆகவே ஒரு பெயர் கெட்டால் அடுத்த பையனின் அடையாள அட்டை.

ஆனால் 129 இல் இருக்கும் "தெரிந்தே சம்பந்தப்பட்டவர்கள்" என்ற சொல் முதலாளியையும் பிடிக்கும். அதற்கு ஆதாரம் வேண்டும். அது தம்பியின் கையில்தான் இருக்கும்.

ஹட்டன் வாசி

பெரியவர் சொல்வது சரி. எங்கள் பக்கத்திலும் ஒரு பையனுக்கு இதுவே நடந்தது. அவன் பயந்து ஃபோனில் இருந்த மெசேஜ் எல்லாவற்றையும் அழித்துவிட்டான். கடைசியில் அவனிடம் சொல்ல வாய் மட்டும்தான் இருந்தது, காட்ட ஒன்றுமில்லை. தம்பியிடம் இன்றைக்கே சொல்லுங்கள், எதையும் அழிக்க வேண்டாம்.

சட்டம் படிக்கிறவள், பேராதனை

அக்கா, நான் இன்னும் மாணவிதான். இதை ஒரு சட்டத்தரணியிடம் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

எது பதியப்பட்டிருக்கிறது என்று முதலில் பாருங்கள். பிரதேச செயலகம் வழியாகப் பதிந்த வியாபாரப் பெயரா, 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிச் சட்டத்தில் பதிந்த கம்பனியா? தனி வியாபாரம் என்றால் கடனும் தண்டமும் நேராகத் தம்பியின் மேல் வரும். கம்பனி என்றால் அது வேறொரு சட்ட ஆள், ஆனால் பணிப்பாளராகச் சம்மதம் தெரிவித்து 18 ஆம் படிவத்தில் கையெழுத்துப் போட்டிருப்பான். கூடப் பணிப்பாளர்கள் யார், பங்கு யார் பெயரில் என்பதைப் பதிவாளரிடம் எடுத்துப் பார்க்கலாம்.

சேர்த்து வைக்க வேண்டியவை: முதலாளி அனுப்பிய வாட்ஸ்அப் மெசேஜ், குரல் பதிவு, கணக்கின் வங்கிக் கூற்று, அந்தக் கணக்கிலிருந்து காசு யாருக்குப் போனது என்ற விவரம். இன்னொன்று, பலரும் யோசிக்காதது. தம்பிக்கு ஊழியர் சேமலாப நிதி கட்டுகிறார்களா? கட்டினால் அவன் இன்னொரு கடையின் சம்பள ஊழியன் என்பதற்கு அரசாங்கத்தின் பதிவேட்டிலேயே சாட்சி இருக்கிறது. கோடிக்கணக்கில் இறக்குமதி செய்கிற வியாபாரி எதற்காக இன்னொரு கடையில் மாதச் சம்பளத்துக்கு நிற்க வேண்டும் என்று கேட்கலாம்.

சரக்கைப் பறிமுதல் செய்திருந்தால், அந்த நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் எழுத்தில் உரிமை கோராவிட்டால் அது போனதுதான். தம்பிக்கு அந்தச் சரக்கே வேண்டாம் என்றாலும் சட்டத்தரணிக்கு இந்தத் தேதி தெரிந்திருக்க வேண்டும். காசுக்கு வழியில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போங்கள், நுவரெலியாவில் நிலையம் இருக்கிறது.

வாக்குமூலம் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ எழுதி நீட்டினால் விளங்காமல் கையெழுத்துப் போட வேண்டாம். தமிழும் அரச கரும மொழி, 1987 இன் 13 ஆம் திருத்தத்திலிருந்து. 1988 இன் 16 ஆம் திருத்தம் நிர்வாகத்தில் அதைப் பயன்படுத்தும் உரிமையை விரித்து எழுதியிருக்கிறது. தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்பது சலுகை கேட்பதாகாது. எங்கள் ஆட்கள் அதிகாரியின் மேசைக்கு முன்னால் போனதும் தலையாட்டிப் பழகியவர்கள், அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

தலவாக்கலை அக்கா

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. தம்பியிடம் பேசினேன். வியாபாரப் பெயர்தானாம், கம்பனி இல்லை. சேமலாப நிதி கட்டவில்லை. சம்பளம் கையில்தான், ஆனால் அந்த மேலதிகக் காசை மட்டும் முதலாளியின் மனைவி கணக்கிலிருந்து போட்டிருக்கிறார்கள்.

வங்கிக் கூற்றைப் பார்த்தபோது ஒன்று விளங்கவில்லை. சரக்குக்குச் சீனாவுக்கு அனுப்பிய காசு கொஞ்சம்தான். ஆனால் விற்று வந்த காசை நிறையத் தடவை பெரிய பெரிய தொகையாகக் கையில் எடுத்திருக்கிறார்கள். அது எங்கே போகிறது?

பழைய வாஃப் கிளாக், கொட்டகலை

மனைவி கணக்கிலிருந்து காசு வந்ததா! அந்தப் பக்கத்தைத் தனியாகப் பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள் தங்கச்சி. அது தங்கம்.

கையில் எடுத்த காசு உண்டியலுக்கு, அதாவது வங்கிக்கு வெளியே காசு மாற்றி அனுப்புகிறவர்களுக்குப் போகிறது. 100 ரூபாச் சரக்கை 40 என்று காட்டினால் வங்கி வழியாக 40 தான் அனுப்ப முடியும். ஆனால் சீனாக்காரனுக்கு 100 வேண்டுமே? மிச்சம் 60 ஐ வங்கிக்கு வெளியே அனுப்ப வேண்டும். இங்கே ரூபாவாக உண்டியல்காரனிடம் கொடுப்பார்கள், அவனுடைய ஆள் துபாயில் அதே அளவு டொலரைக் கட்டுவான். அந்த டொலர் அங்கே எப்படி வந்தது? நம் தோட்டத்திலிருந்து போன பெண்கள் குவைத்திலும் சவூதியிலும் வீட்டு வேலை செய்து உழைத்தது. "வங்கியை விடக் கூட ரேட் தருகிறேன்" என்று அங்கே அவர்களிடம் வாங்கிக்கொண்டு, இங்கே லயத்துக்கு ரூபாவைக் கொண்டுவந்து கொடுத்துவிடுவார்கள். டொலர் நாட்டுக்குள் வருவதே இல்லை.

நாடு டொலர் இல்லாமல் விழுந்ததில் இதற்கும் பங்கிருக்கிறது. 2020 இல் வெளிநாட்டில் உழைப்பவர்கள் வங்கி வழியாக அனுப்பியது 7.1 பில்லியன் டொலர். 2021 இல் அது 5.5 ஆகி, 2022 இல் 3.8 ஆனது. ஆட்கள் உழைப்பதை நிறுத்தவில்லை, வங்கி ரேட்டுக்கும் வெளி ரேட்டுக்கும் இடைவெளி பெருத்ததும் காசு உண்டியல் பக்கம் சாய்ந்தது. பிறகு எரிவாயு இல்லை, மருந்து இல்லை என்று வரிசையில் நின்றதும் அதே அம்மாக்களின் பிள்ளைகள்தான்.

அதனால்தான் சுங்க மோசடி கொழும்புக்காரர்கள் விவகாரம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. அடையாள அட்டை நம்முடையது, டொலரும் நம்முடையது.

பண்டாரவளைக் கடைக்காரன்

நானும் சின்ன அளவில் சாமான் இறக்குகிறேன். ஒழுங்காக வரி கட்டித்தான். அதனால் என் பக்கத்தையும் சொல்ல வேண்டும்.

நூற்றுக்கு அறுபது வரி கட்டி இறக்கிய சாமானை நான் ஒரு விலைக்கு வைக்கிறேன். எதிர்க் கடையில் அதே சாமான் என் கொள்முதல் விலையை விடக் குறைவு. வாடிக்கையாளர் என்னைத்தான் கொள்ளைக்காரன் என்று நினைக்கிறார். வரியை நியாயமான அளவுக்குக் கொண்டுவந்தால் ஏய்ப்பதற்கான ஆசையும் பாதி குறையும்.

இன்னொன்றும் மனதை உறுத்துகிறது. 2025 ஜனவரியில் 323 கொள்கலன்கள் கட்டாயச் சோதனை இல்லாமல் துறைமுகத்தை விட்டுப் போனது நாடே அறிந்த விஷயம். 2023 மே மாதம் புத்தளம் மாவட்ட நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் மூன்று கிலோவுக்கு மேல் தங்கத்தோடும் தொண்ணூற்றுச் சொச்சம் கைத்தொலைபேசிகளோடும் பிடிபட்டார். பெறுமதி ஏழரைக் கோடிக்கு மேல். சாமானைப் பறித்து, 75 இலட்சம் தண்டம் கட்டச் சொல்லி அனுப்பினார்கள். அடுத்த நாள் நாடாளுமன்றத்தில் வாக்களித்தார். சட்டத்தில் மூன்று மடங்கு என்று பெரியவர் எழுதியிருக்கிறார். அவருக்குப் பத்தில் ஒரு பங்குதான் வந்தது. இந்தப் பையனுக்கு எத்தனை மடங்கு வரும்?

பழைய வாஃப் கிளாக், கொட்டகலை

நியாயமான கேள்வி தம்பி. தண்டத்தைக் குறைக்கும் அதிகாரம் சட்டத்திலேயே இருக்கிறது, யாருக்கு எவ்வளவு என்பது மேலே இருப்பவர்கள் கையில். இப்படி ஒருவரின் விருப்பத்துக்கு விடும் இடத்தில்தான் செல்வாக்கு நுழைகிறது. பிடிபடும் தொகையில் ஒரு பங்கு அதிகாரிகளுக்கும் தகவல் தந்தவர்களுக்கும் வெகுமதியாகப் போகும் ஏற்பாடும் இருக்கிறது. அது இல்லாவிட்டால் யாரும் பிடிக்க மாட்டார்கள் என்பது ஒரு பக்கம். வாசலிலேயே தடுக்க வேண்டியதை உள்ளே விட்டுப் பிறகு பிடிக்கிறார்கள் என்பது இன்னொரு பக்கம். நான் இரண்டாவது கட்சி.

ஆனால் வரி கூட என்பதற்காக ஏய்க்கலாம் என்று போக முடியாது. 2024 இல் சுங்கம் மட்டும் ஒன்றரை ட்ரில்லியன் ரூபாவுக்கு மேல் வசூலித்தது. அரசாங்கத்துக்கு இது எத்தனை பெரிய வருமானம் என்று பாருங்கள். அங்கே ஓட்டை விழுந்தால் அதை வற்றில் அடைப்பார்கள். 2022 நடுப்பகுதி வரைக்கும் 8 வீதமாக இருந்த வற் 2024 ஜனவரியில் 18 ஆனது. தேயிலை பறிக்கிறவர் வாங்கும் சவர்க்காரத்துக்கும் பதினெட்டு, மாளிகையில் இருப்பவர் வாங்குவதற்கும் பதினெட்டு.

மாத்தளை மிளகுத் தோட்டம்

விலையை மட்டும்தானே பேசுகிறீர்கள். நாட்டின் பெயரையே பொய்யாக எழுதி எங்களை அழித்த கதை ஒன்று இருக்கிறது.

இந்திய இலங்கைச் சுதந்திர வர்த்தக உடன்படிக்கை 1998 டிசம்பரில் கையெழுத்தாகி 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. இலங்கை மிளகு வருடத்துக்கு 2,500 தொன் வரைக்கும் இந்தியாவுக்குள் வரியில்லாமல் போகலாம். அதற்கு மேல் போனால் தென்னாசிய உடன்படிக்கையில் 8 வீதம் மட்டும். சலுகை எதுவும் இல்லாத நாட்டு மிளகுக்கு இந்தியாவில் 70 வீத வரி. மாத்தளை, கண்டி, கேகாலைப் பக்கத்துச் சிறு தோட்டக்காரர்களுக்கு இது உண்மையிலேயே கிடைத்த வாய்ப்பு. எங்கள் மிளகில் எண்ணெயும் காரமும் அதிகம், கொச்சியில் சாறு எடுக்கும் ஆலைகள் தேடி வாங்கும்.

வியட்நாமில் விளைச்சல் பெருகி விலை விழுந்ததும் சில வியாபாரிகளுக்கு யோசனை வந்தது. வியட்நாம் மிளகைக் கொழும்புக்கு இறக்கி, சாக்கை மாற்றி, இலங்கையில் விளைந்ததாக மூலச் சான்றிதழ் எடுத்து இந்தியாவுக்கு ஏற்றினார்கள். 70 க்கும் 8 க்கும் இடையில் இருக்கும் இலாபத்தைப் பாருங்கள். ஒரு கொடிகூட நடாமல் கிடைத்த இலாபம். பாக்கிலும் இதே வேலை நடந்தது, இந்தோனேசியப் பாக்கு இலங்கைப் பாக்கானது.

விளைவு யாருக்கு? கேரளத்திலும் குடகிலும் விவசாயிகள் கொதித்தார்கள். 2017 டிசம்பர் 6 ஆம் தேதி இந்தியா கிலோவுக்கு 500 இந்திய ரூபா குறைந்தபட்ச இறக்குமதி விலை என்று அறிவித்தது. அதற்குக் குறைந்த விலையில் மிளகு உள்ளே போக முடியாமல் போனது, நேர்மையாக மாத்தளையில் காயப்போட்டு அனுப்பியதும்தான். உலக விலையும் அதே காலத்தில் இறங்கியது உண்மை, எல்லாப் பழியையும் மோசடிக்காரன் மேல் போட மாட்டேன். ஆனால் எங்கள் பெயரில் இருந்த நம்பிக்கையை விற்றுத் தின்றது அவர்கள்தான். கிலோ ஆயிரம் ரூபாவுக்கு மேல் விற்ற மிளகை அதில் பாதிக்குக் கேட்டபோது, பறிக்கிற கூலி கட்டாமல் சிலர் கொடியிலேயே விட்டார்கள்.

2019 கடைசியில்தான் மறு ஏற்றுமதிக்கென்று மிளகு, பாக்கு போன்றவற்றை இறக்குவதைத் தடுத்தார்கள். அதோடு மஞ்சளையும் நிறுத்தினார்கள். அப்புறம் நடந்தது எல்லாருக்கும் தெரியும். சில நூறு ரூபாவுக்கு விற்ற மஞ்சள் ஆயிரக்கணக்கில் ஏறி, மன்னார், கற்பிட்டிக் கடலில் மூட்டை மூட்டையாக மஞ்சள் பிடிபட்டது.

வெலிமடைக் கிழங்கு

மிளகுக்காரர் சொன்னதைக் கேட்டபின் நானும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நாங்கள் யல என்ற சிறு போகத்தில் வயலில் கிழங்கு போடுகிறவர்கள். ஓகஸ்ட், செப்டெம்பரில் எங்கள் கிழங்கு வெளிவரும் நேரம் பார்த்துக் கப்பலும் வரும்.

உருளைக்கிழங்குக்கு வரி வேறு மாதிரி. 2007 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்க விசேட வியாபாரப் பண்ட அறவீட்டுச் சட்டப்படி மற்ற வரிகளுக்குப் பதிலாகக் கிலோவுக்கு இவ்வளவு என்று ஒரே அறவீடு. வர்த்தமானி ஒன்று போட்டால் இரவோடு இரவாக மாறும். முன்கூட்டியே தெரிந்தவனுக்கு அதுவே சீட்டிழுப்பு. சீனியில் நடந்ததை மறக்க முடியுமா? 2020 ஒக்டோபர் 13 அன்று கிலோவுக்கு 50 ரூபா அறவீட்டை 25 சதமாக்கினார்கள். கடையில் விலை இறங்கவில்லை, அரசாங்கத்துக்கு நட்டம் 1,500 கோடி ரூபாவுக்கும் மேல் என்று பின்னர் கணக்குக் காட்டினார்கள். அது சட்டப்படியே நடந்தது, அதுதான் இன்னும் கொடுமை.

துறைமுகத்தைத் தாண்டிய பிறகு எங்களுக்கு நடப்பது என்ன? பாகிஸ்தானிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் வந்த கிழங்கு சுத்தமாக இருக்கும். அதைச் சிவப்பு மண்ணில் புரட்டி எடுத்து, நுவரெலியாக் கிழங்கு, வெலிமடைக் கிழங்கு என்று நம் விலைக்கு விற்கிறார்கள். தம்புள்ளையிலும் கெப்பெட்டிபொலயிலும் இப்படிப் பிடித்திருக்கிறார்கள். வாங்குகிறவரும் ஏமாறுகிறார், எங்கள் கிழங்குக்கும் விலை விழுகிறது. மண்ணைக்கூடத் திருடுகிறார்கள் என்று எங்கள் அப்பா சொல்வார். இப்படிக் கண்டால் 1977 க்கு அழையுங்கள், பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை. ஒருமுறை அழைத்தால் வராவிட்டாலும் பலர் அழைத்தால் வருவார்கள்.

பழைய வாஃப் கிளாக், கொட்டகலை

மூன்று பேரும் எழுதியதைச் சேர்த்துப் பார்த்தால் துறைமுகத்தில் நாங்கள் கண்டது அப்படியே தெரிகிறது. வரி விலையின் மேல் என்றால் பொய் இன்வொய்ஸில் இருக்கும். வரி கிலோவின் மேல் என்றால் விலையில் பொய் சொல்லிப் பயனில்லை, பொய் தராசிலோ சாமானின் பெயரிலோ இருக்கும். வரி நாட்டைப் பார்த்து மாறினால் பொய் மூலச் சான்றிதழில் இருக்கும். முற்றாகத் தடை செய்தால் கடல் வழியாக வரும். எந்தப் பொருளுக்கு எப்படி வரி போடுகிறார்கள் என்று பார்த்தாலே எங்கே சோதிக்க வேண்டும் என்று தெரிந்துவிடும். மிளகுச் சாக்கைப் பிரித்துப் பார்ப்பதில் என்ன பயன்? வியட்நாம் மிளகும் கறுப்புத்தான். எந்தத் தோட்டம், எந்தச் சேகரிப்பாளர், எத்தனை கிலோ என்று கணக்கைப் பின்னோக்கிப் போய்ப் பார்க்க வேண்டும்.

வெளிக்கள உத்தியோகத்தர், அக்கரப்பத்தனை

தடை செய்தால் என்ன வரும் என்பதற்குத் தேயிலையிலும் ஒன்று உண்டு. கிளைபோசேட் என்ற களைநாசினியை 2015 இல் தடுத்தார்கள். தேயிலைக்கும் இறப்பருக்கும் 2018 இல் திரும்ப அனுமதித்தார்கள். இடையில் லேபல் இல்லாத போத்தல்கள் பல மடங்கு விலைக்கு வந்தன, உள்ளே என்ன என்று யாருக்கும் தெரியாது. சிலர் வேறு களைநாசினி அடித்தார்கள். 2018 இல் எம்.சி.பி.ஏ. என்ற களைநாசினியின் எச்சம் கூடிவிட்டது என்று ஜப்பான் நம் தேயிலையில் குறை சொன்னது. லேபல் இல்லாத மருந்தை அடித்தது கையுறைகூட இல்லாத தொழிலாளி. இதையும் சுங்கக் குற்றமாக மட்டும் பார்க்காமல் உடம்புக்கு வந்த ஆபத்தாகப் பார்க்க வேண்டும்.

லிந்துலை

பெயர் கொடுப்பதைப் பற்றிப் பேசுவதால் ஒன்று சொல்கிறேன். "வெளிநாட்டிலிருந்து உங்களுக்குப் பரிசுப் பார்சல் வந்திருக்கிறது, சுங்கத்துக்குக் காசு கட்டி எடுங்கள்" என்று அழைப்பு வந்து எங்கள் தோட்டத்தில் நகையை அடகு வைத்துக் கட்டியவர்கள் இருக்கிறார்கள். காசு போட்ட கணக்கு யாருடையது என்று பார்த்தால் அதுவும் ஏதோ ஒரு தோட்டத்துப் பையனுடையது. ஏடிஎம் அட்டையைக் கொடுத்துக் காசு வாங்கியிருக்கிறான். சுங்கம் யாருடைய தனிப்பட்ட கணக்குக்கும் காசு போடச் சொல்லாது, இதை வீட்டில் பெரியவர்களுக்குச் சொல்லி வையுங்கள்.

மஸ்கெலியாப் பையன்

இதையெல்லாம் வாசித்தபின் கை நடுங்குகிறது. எனக்கு இன்னும் கடிதம் வரவில்லை, ஆனால் என் பெயரிலும் முதலாளி வியாபாரம் பதிந்திருக்கிறார். பிரதேச செயலகத்துக்குப் போய் வியாபாரப் பெயரை ரத்துச் செய்துவிட்டால் போதுமா?

சட்டம் படிக்கிறவள், பேராதனை

போதாது. ரத்துச் செய்வது இனிமேல் வருவதைத்தான் தடுக்கும், ஏற்கெனவே வந்த பெட்டிகளுக்கான பொறுப்பு அப்படியே இருக்கும். வியாபாரப் பெயர், டின், வற் பதிவு, சுங்கத்தில் இறக்குமதியாளர் பதிவு, வங்கிக் கணக்கு எல்லாம் வேறு வேறு இடம். ஒன்றை மூடினால் மற்றது தானாக மூடாது. எதையும் தொடுவதற்கு முன்னால் வங்கிக் கூற்றையும் மெசேஜ்களையும் பிரதி எடுத்து, கடைக்கு வெளியே ஓரிடத்தில் வைத்துவிட்டுச் சட்டத்தரணியைப் பாருங்கள். முதலாளியிடம் முதலில் சொன்னால் பிறகு ஆதாரம் எடுக்க முடியாமல் போகலாம்.

பழைய வாஃப் கிளாக், கொட்டகலை

மஸ்கெலியாத் தம்பிக்கு: வங்கியில் முதல் வேலை, கையெழுத்துப் போட்டுக் கொடுத்த காசோலைகளின் இலக்கங்களை எழுதிக் கொடுத்து அவற்றுக்குப் பணம் கொடுக்க வேண்டாம் என்று எழுத்தில் அறிவிப்பது. பிரதியில் வங்கி முத்திரை வாங்கிக்கொள். அடுத்து, உன் பெயரில் வந்த கஸ்டெக் ஒவ்வொன்றின் பிரதியையும் கேட்டு எடுக்க வேண்டும், இறக்குமதியாளர் நீதான், உனக்கு உரிமை உண்டு. அதில் எந்த முகவர் போட்டது என்று இருக்கும். பெரும்பாலும் எல்லாப் பெட்டிக்கும் ஒரே முகவர்தான் இருப்பார். அந்த முகவருக்குக் கூலி கொடுத்தது யார் என்பதுதான் சுங்கத்தில் முதலில் கேட்க வைக்க வேண்டிய கேள்வி.

தலவாக்கலைத் தங்கச்சிக்கும் இதையே சொல்கிறேன். வசதிப்பட்டால் விசாரணைக்கு முதல் நாள் கொட்டகலை ஸ்டேஷன் பக்கம் வந்து கடிதத்தைக் காட்டுங்கள், எந்தப் பிரிவில் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று பார்த்துச் சொல்கிறேன்.